வீடு மறுப்பும் தீண்டாமையே: சட்டம் தரும் வழியும் விட்டுவைத்த இடைவெளியும்

"சொந்த ஊரில் எந்தத் தெரு?", "சைவமா, அசைவமா?" என வாடகை வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள் அனைத்தும் ஒரே விடையைத்தான் தேடுகின்றன. விடை தெரிந்ததும், "வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்ற பதில் வந்துவிடுகிறது. கிராமத்தில் ஊர் என்றும் சேரி என்றும் வெளிப்படையாக வரையப்பட்ட எல்லை, நகரத்தில் இந்த உரையாடலுக்குள் மறைந்து நிற்கிறது. "என் வீடு, என் விருப்பம்" என்று உரிமையாளர் சொன்னால் சட்டத்தில் அதற்கு மறுமொழி இல்லை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மறுமொழி உண்டு, 1955 முதலே உண்டு. அது எங்கே இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

கல்வியும் பதவியும் இம்மறுப்பை நீக்குவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணியில் இருந்தபோது, சாதி தெரிந்ததும் தங்கியிருந்த விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தில்லி தலைநகர வட்டாரத்தின் ஐந்து நகரங்களில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வும், உயர்சாதி இந்துக்களுக்குக் கிடைக்கும் வாடகை வீடு தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது.

அரசமைப்புச் சட்டம்

தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17 அரசை மட்டுமன்றித் தனிநபரையும் கட்டுப்படுத்துகிறது. பிரிவு 15(2) கடை, உணவகம், தங்கும் விடுதி, பொழுதுபோக்கிடம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் வீடு அப்பட்டியலில் இல்லை. 'கடை' என்ற சொல், சேவையை வழங்க முன்வரும் எவருடைய இடத்தையும் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கியிருந்தார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவ்விரிந்த பொருளை ஏற்றது. பலகை தொங்கவிட்டு வாடகைக்கு அழைக்கும் வீட்டுக்கும் அது பொருந்தும் என்பது நம் வாதம்.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955

பலரும் மறந்துவிட்ட சட்டம் இது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கும், பெறுவதற்கும், அதில் வசிப்பதற்கும் தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதை இதன் பிரிவு 4 பெயர் சொல்லியே குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 12. அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம் இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரை அவர்தம் நிலத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதும், அதன் அனுபவ உரிமையில் தலையிடுவதும், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் ஐந்தாண்டு வரை தண்டனைக்குரியவை. பிரிவு 18-அ, முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. எனினும், வெறும் சொத்துத் தகராறு இச்சட்டத்துக்குள் வாராது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே சாதியே காரணம் என்பதைப் புகாரிலேயே தெளிவுபடுத்த வேண்டும்.

சட்டம் நின்றுவிடும் இடங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் கட்டுப்படுத்துகிறது. குடிநீர், மின்சாரத்தைத் துண்டிப்பதைத் தடை செய்கிறது. இவையெல்லாம் வீட்டுக்குள் நுழைந்தவருக்கான பாதுகாப்பு. வாசலிலேயே சாதி கேட்டுத் திருப்பியனுப்புவதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை.

இரண்டாவது இடைவெளி வாங்குவதில் உள்ளது. அகமதாபாத்தின் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் (2005), உறுப்பினர் தகுதியைப் பார்சிகளுக்கு மட்டும் உரியதாக்கிய துணைவிதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சிறுபான்மைச் சமூகமொன்றைப் பற்றிய தீர்ப்பாயினும், அதன் தருக்கம் ஆதிக்கச் சாதிக் குடியிருப்புகளுக்கும் கேடயமாகக்கூடும். 'சைவர்களுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோ சாதியைச் சொல்லாமலே சாதியை வடிகட்டுகிறது.

செய்ய வேண்டியவை

விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். மறுப்பு நிகழ்ந்த நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். "வீடு போய்விட்டது" என்ற பதில் வந்தால், வேற்றுச் சாதி நண்பர் ஒருவரை அதே நாளில் அதே வீட்டை விசாரிக்கச் செய்யுங்கள். அவருக்கு வீடு உண்டு எனில் அவரே உங்கள் சாட்சி. வாடகையையும் முன்பணத்தையும் வங்கி வழியாகச் செலுத்துங்கள்.

வாங்குவோர் விற்பனை உடன்படிக்கையைத் தவறாமல் பதிவு செய்துகொள்ள வேண்டும். சாதி தெரிந்தபின் விற்பவர் பின்வாங்கினால், கிரயம் செய்துதரக் கோரி மூன்றாண்டுக்குள் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். 2018 திருத்தத்துக்குப் பின் இந்நிவாரணம் நீதிமன்றத்தின் விருப்புரிமையை மட்டும் சார்ந்ததன்று.

அமெரிக்காவில் 1968இல் இயற்றப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம், இனத்தின் பேரில் வீடு விற்கவோ வாடகைக்குத் தரவோ மறுப்பதைத் தடை செய்தது. சோதனைக்காக வீடு கேட்டுச் சென்று பொய்யான பதில் பெற்றவரும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. அத்தகைய சட்டத்தை இங்கும் கோருகிறோம். அது வரும்வரை, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4ஐக் குறிப்பிட்டுப் புகார் எழுதுவோம். ஆறு மாதத் தண்டனைதானே என்று விட்டுவிட வேண்டாம். பதிவாகாத மறுப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.