இரவுப் பாலூட்டலும் ஒரே படுக்கையும்: தாய்ப்பால் ஆலோசகரின் கடமை குறித்து

பால் குடிக்கும் சிசு தாயின் படுக்கையிலேயே உறங்கலாமா? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 அறிக்கை, முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வைக்கச் சொல்கிறது. ஒரே படுக்கையை எந்தச் சூழலிலும் அது ஆதரிக்கவில்லை. தாய்ப்பால் மருத்துவக் கழகத்தின் 2020 நெறிமுறையோ, தெரிந்த ஆபத்துகள் இல்லாதபோது பாலூட்டும் தாயுடன் உறங்குவதே திடீர் சிசு மரணத்துக்குக் காரணம் என்று சொல்லச் சான்று போதாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தாய்ப்பால் ஆலோசகர், வம்பு வேண்டாமென்று தடையை மட்டும் ஒப்பித்துவிட்டு நகர்ந்தால், அதுவும் ஆபத்தான அறிவுரைதான் என்பது என் வாதம்.

சிசுவை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்ன இயக்கம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கியது. திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. விழித்திருக்கும் பெற்றோர் ஒரு கணத்தில் செய்து முடிக்கக்கூடிய காரியம் அது. ‘பால் கொடுக்கும்போது தூங்கிவிடாதே’ என்பது அப்படியல்ல. தூக்கம் கட்டளைக்குக் கட்டுப்படாது.

படுக்கைக்கு அஞ்சும் தாய் எங்கே போவாள்? சோபாவுக்கு. பீட்டர் பிளேர் குழுவினர் 2014இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், சோபாவில் சேர்ந்து உறங்கியபோது இறப்பின் சார்பு வாய்ப்பு 18 மடங்கு. மது அருந்தியவர் பக்கத்தில் உறங்கினாலும் ஏறத்தாழ அதே அளவு. இந்த ஆபத்துகளும் புகைப்பழக்கமும் இல்லாத படுக்கையில் அது 1.1, புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதல்ல. சோபாவைவிடப் படுக்கை ஆபத்துக் குறைந்தது என்பதைக் குழந்தை மருத்துவக் கழகமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அமெரிக்காவின் மில்வாக்கி நகரச் சுகாதாரத் துறை ஒரே படுக்கைக்கு எதிராக 2011இல் வெளியிட்ட விளம்பரத்தில், உறங்கும் குழந்தையின் பக்கத்தில் வெட்டுக்கத்தி கிடந்தது. அதைப் பார்த்த தாய் சோபாவைப் பற்றி என்ன தெரிந்துகொண்டிருப்பாள்?

எதிர்ச்சான்றும் உண்டு. கார்ப்பென்டர் குழுவினரின் 2013 ஆய்வு, புகைக்காத பெற்றோரின், தாய்ப்பால் குடிக்கும், மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கும் ஆபத்து ஐந்து மடங்கு என்றது. மது, போதைப்பொருள் பற்றிய தரவு பல இடங்களில் விடுபட்டிருந்ததை விமர்சகர்கள் சுட்டினர். அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. மிக இளஞ்சிசு குறித்த ஐயம் தீரவில்லை. தாய்ப்பால் தரப்பில் சிலர், பாலூட்டலே காப்பு என்பதுபோலப் பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல. பாலூட்டும் தாய் தன்னையறியாமல் பக்கவாட்டில் சுருண்டு, முழங்காலைக் குழந்தையின் காலுக்குக் கீழே மடக்கி, கையை அதன் தலைக்கு மேலே வைத்து அரண் கட்டுகிறாள் என்பதை ஆய்வாளர் ஹெலன் பாலின் (Helen Ball) காணொளிப் பதிவுகள் காட்டின. சிசேரியனுக்குப்பின் மயக்கம் தரும் வலிமாத்திரை விழுங்கியவளிடம் அந்த அரண் நிற்குமென்று யார் உறுதி சொல்வது?

ஆகவே ஆலோசகர் கேட்டாக வேண்டும்: வீட்டில் யார் புகைக்கிறார்கள், குழந்தை குறைமாதமா, எடை குறைவா, என்ன மாத்திரை, தலையணையும் கனத்த போர்வையும் எங்கே. பிரிட்டனின் 2021 பேறுகாலப் பின்கவனிப்பு வழிகாட்டுதல் ஏறக்குறைய இந்த உரையாடலையே பணியாளரின் பொறுப்பாக்குகிறது. மார்பைக் குழந்தை சரியாகப் பற்றுகிறதா, எடை ஏறுகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளும் அதே படிவத்தில், நேற்றிரவு எங்கே பால் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். உண்மையைச் சொன்ன தாயைக் கண்டிக்காமல் கேட்கவும் வேண்டும்.