பெருவிரல் நோவும் மணிக்கூட்டு நகரத்து வைத்தியரும்



இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறிய நோவின் வரலாறு. எங்கள் வீட்டுக் குசினியில் தொடங்கி, நாம் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டின் மலைநகரம் ஒன்றுக்குப் போகிற கதை இது.

எங்கள் இளைய மகன் பிறந்த 2004ஆம் ஆண்டு, என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக நோ கண்டது. பிள்ளையைத் தூக்கினால் நோ, துணி பிழிந்தால் நோ. "இஞ்சாருங்கோ, இந்தப் போத்திலை ஒருக்காத் திறந்து தாங்கோ" என்று கேட்பார். இரண்டு முறை ஊசி போட்டும் மாறவில்லை. சத்திரசிகிச்சை செய்தும் மாறவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது என்றார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், "வேலைக்குப் போகப் பஞ்சியோ?" என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அந்த நோவுக்கு டி கேர்வன் நோய் என்று பெயர். பிரிட்ஸ் டி கேர்வன் 1868இல் சியோன் நகரில் பிறந்த சுவிஸ் வைத்தியர். மணிக்கூடு செய்வோரின் ஊராகப் பெயர்பெற்ற லா ஷோ-து-போனில் தொழில் பார்த்த காலத்தில், 1895இல், இதே நோவுடன் வந்த ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பும் இந்த நோ இல்லாமல் இல்லை. 'கிரேயின் உடற்கூற்றியல்' என்ற புகழ்பெற்ற நூலின் 1893ஆம் ஆண்டுப் பதிப்பு இதை 'சலவைக்காரியின் சுளுக்கு' என்று குறிப்பிட்டது. பெயரே சொல்கிறதல்லவா, கையால் உழைத்தவர்களின் நோ இது என்று.

டி கேர்வன் கண்டது என்ன? மணிக்கட்டின் பின்புறத்தில் தசைநாண்கள் ஓடுவதற்கு ஆறு குழாய்கள் உண்டு. பெருவிரல் பக்கத்து முதற் குழாயில் இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. ஒன்று பெருவிரலை வெளிப்பக்கம் விரிக்கும். மெல்லிய மற்றையது அதை நிமிர்த்தும். பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு தடித்து இறுகினால் நாடா ஓடாது. அப்படி இறுகிய குழாயை வெட்டித் திறந்துவிட்டால் நோ மாறும் என்று அவர் காட்டினார். பின்னர் 1918இல், நோபல் பரிசு பெற்ற கோக்கரின் இடத்துக்குப் பேர்ண் பல்கலைக்கழகப் பேராசிரியராக வந்தார். 1940இல் காலமானார்.

1930இல் நியூயோர்க் வைத்தியர் பின்கெல்ஸ்டைன் இந்த நோயைக் கண்டறியும் சோதனை ஒன்றை எழுதினார். பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்திச் சின்னவிரல் பக்கம் சரிக்கும் சோதனையைப் பலர் அவர் பெயரால் சொல்கிறார்கள். உண்மையில் அது 1927இல் எய்கோப் என்ற ஜேர்மனிய வைத்தியர் எழுதியது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் நோ மாறவில்லை. 1950களில் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் கைகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விடயம் தெளிவாகியது. புத்தகத்தில் வரைந்த கை எல்லோருக்கும் இல்லை! பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு அந்தக் குழாயின் நடுவே ஒரு தடுப்புச்சுவர் இருக்கிறது. மெல்லிய தசைநாண் தனி அறைக்குள் ஓடுகிறது. இந்த நோவுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சுவர் காணப்படுகிறது. அதுமட்டுமல்ல, விரிக்கும் தசைநாணும் பலருக்கு இரண்டு மூன்று இழைகளாகப் பிரிந்திருக்கும்.

இதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. வைத்தியர் ஒரு அறையைத் திறக்கிறார். உள்ளே இரண்டு இழைகள் தெரிகின்றன. இரண்டு தசைநாண்களும் விடுபட்டுவிட்டன என்று எண்ணித் தைத்துவிடுகிறார். மெல்லியது பக்கத்து அறைக்குள் இறுகியபடியே கிடக்கிறது. ஊசி மருந்தும் சிலவேளை அந்த அறைக்குள் போய்ச் சேருவதில்லை.

என் மனைவிக்கு நடந்ததும் இதுதான். 2006இல் வேறொரு வைத்தியர் ஒலியலை ஸ்கான் செய்து, அந்தச் சுவரை எங்களுக்குத் திரையில் காட்டினார். மெல்லிய வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். இரண்டாவது அறையையும் திறந்தார்கள். சில வாரங்களில் பிள்ளையை ஒரு கையால் தூக்கினார். "இப்ப பஞ்சி மாறிட்டுது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேயர்களே, துப்புரவு வேலையிலும் உணவகக் குசினிகளிலும் கைகளை நம்பி வாழ்கிறவர்கள் நம்மில் அதிகம். இந்த நோ பெரும்பாலும் ஓய்விலும், விரலை அசையாமல் வைக்கும் பட்டியிலும், ஊசியிலும் மாறிவிடும். மாறாவிட்டால், "உள்ளே தடுப்புச்சுவர் இருக்குமா?" என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவர் நோகிறது என்று சொன்னால் முதலில் நம்புங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.