எச்.ஐ.வி. வரலாறும் திருச்சபையின் மௌனமும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை மருத்துவர்களின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். நோயுற்றோர் தாமே இயற்றிய வரலாறும் ஒன்றுண்டு. வியாசர்பாடியில் ஊழியஞ்செய்வோர் அதனைக் கற்பது அவசியம். தொடாதே என்று விலக்கிவைக்கப்படுவதன் வேதனையை இப்பகுதி மக்கள் புத்தகத்தில் வாசித்து அறிந்தவர்களல்லர்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுநிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. அறிவு பிறந்தது, இரக்கம் உடன் பிறக்கவில்லை. தொற்றுள்ள பெண்கள் சிலர் காப்பகங்களில் அடைத்துவைக்கப்பட்டனர். நீதிமன்றத்தை நாடிய பின்னரே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

பிற நாடுகளிலும் நிலை இதுவே. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் சபைகள் பலவும் இந்நோயைக் குறித்து வாய்திறவாதிருந்தன. அங்கு மருத்துவமனையில் பணியாற்றிய பெர்னெசா சீல் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1989இல் சமயத் தலைவர்களைத் திரட்டி, எய்ட்ஸ் நோயாளர்க்கென ஒரு ஜெப வாரத்தை ஏற்படுத்தினார். அச்சமுதாயத்தின் மௌனத்தைக் கலைத்தவர் அச்சமுதாயத்தவரே.

சென்னையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1997இல் தொற்றுடன் வாழ்வோர் பன்னிருவர் கூடி, இந்தியா முழுமைக்குமான தங்கள் கூட்டமைப்பை இங்கே நிறுவினர். மறுஆண்டில் பி. கௌசல்யா முதலிய பதினெண்மர் பெண்களுக்கெனத் தனி அமைப்பைக் கண்டனர். கணவனால் தொற்றுப் பெற்று, அவன் இறந்தபின் புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட விதவைகளுக்கு அது புகலிடமாயிற்று. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுள்ளோரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்தது. இவை தாமாக வந்தவையல்ல. பாதிக்கப்பட்டோர் முகங்காட்டிப் பேசியதன் பலன்களும் இவற்றில் அடங்கும்.

அடக்க ஆராதனையில் நோயின் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட ஆயர்களுள் நானும் ஒருவன். சொல்லாதது சரியே. ஆனால் அவர் உயிரோடிருந்த நாட்களில் அவ்வீட்டு வாசலை மிதிக்காததற்கு என்ன நியாயம் சொல்வேன்? இரகசியம் காப்பது வேறு, அஞ்சி ஒதுங்குவது வேறு. நம் ஆண்டவர் குஷ்டரோகியை முதலில் தொட்டார். பின்பே அவன் சுத்தமானான். அவ்வரிசையை நாம் மாற்றிவிட்டோம். சபை கைவிட்ட இடத்தில், நோயுற்றோரே ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர். அவர்களிடம் கற்றுக்கொள்வதே நம் மனந்திரும்புதலின் தொடக்கமாகும்.