மனப்பிணியும் கலையும்: கண்டி தரும் சான்று

மனப்பிணிக்கும் கலைக்குமுள்ள தொடர்பை ஆராய்வோர் பெரும்பாலும் மேலைநாட்டு மருத்துவமனைகளையே சான்றாகக் காட்டுவர். ஆயின், கண்டி நாட்டின் கலைமரபில் அத்தொடர்பு மிகப் பழைமையானது. கண்டி நடனத்தின் மூலமாகிய கொகொம்ப கங்காரியச் சடங்கு, மன்னன் ஒருவனது பிணியைத் தீர்க்கவே தோன்றியது என்பது மரபுக்கதை.

குவேனியை மணந்த விசயன், பின்னர் வாக்குத் தவறி அவளைக் கைவிட்டான். அப்பழி அவனுக்குப் பின் அரசேறிய பண்டுவாசுதேவனைப் பற்றியது. சிறுத்தை வடிவில் தோன்றிய அச்சம் அவனை வாட்டியது. மலய மன்னன் வரவழைக்கப்பட்டுச் சடங்கியற்றிய பின்னரே அவன் நலமுற்றான் என்பர். இக்கதை வரலாறன்று, எனினும் அதனுட் பொதிந்த கருத்து எண்ணத்தக்கது. பிணியுற்றவன் குற்றவாளி அல்லன். பிறர் இழைத்த தீங்கின் சுமையை அவன் தாங்குகின்றான். ஆதலின் ஊரே கூடி அதனை இறக்குதல் வேண்டும்.

பலிச் சடங்கிலும் இக்கருத்தே காணப்படும். நவக்கிரக தேவதைகளின் உருவங்களைப் பச்சைக் களிமண்ணால் வனைந்து வண்ணந்தீட்டுவர். அவற்றின் எதிரே நோயாளி சுற்றத்தார் சூழ அமர்ந்திருப்பார். இரவு முழுவதும் முழவும் பாடலும் ஒலிக்கும். சடங்கு முடிந்ததும் அவ்வுருவங்கள் கைவிடப்படும். அக்கலையின் பயன் உருவத்தில் இல்லை, நோயாளியிடத்திலேயே உள்ளது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறளையில் மனநோயாளர் காப்பகம் எழுந்தது; 1920களில் அங்கொடை மருத்துவமனை அமைந்தது. சுற்றத்தார் நடுவே அமர்ந்த நோயாளர் பலர் மதில்களுக்குள் வாழலாயினர்.

இத்தகைய மதில்கள் முன்னரே பெருகியிருந்த ஐரோப்பாவில், நோயாளர் தாமே கலைஞராயினர். ஜேர்மனியில் அக்னெஸ் றிக்டர் என்னும் தையற்காரி, 1895ஆம் ஆண்டளவில், மருத்துவமனைத் துணியாலான சட்டையொன்றில் தம் சொற்களை நூலால் தைத்தார். பேசுவதைக் கேட்பாரில்லாத இடத்தில் உடையே ஏடாயிற்று. கலை வரலாறும் மருத்துவமும் கற்ற ஹான்ஸ் பிறின்ஸ்ஹோர்ன், 1919 முதல் ஹைடல்பேர்க்கில் இத்தகைய ஆக்கங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி, 1922இல் நூலொன்று வெளியிட்டார்.

அவற்றைப் பிணியின் அடையாளமாக மட்டும் கண்டோரும் இருந்தனர். 1937இல் நாசி அரசு "சீரழிந்த கலை" என்னும் கண்காட்சியைத் தொடங்கிற்று. நவீன ஓவியரை இழிவுபடுத்த, ஹைடல்பேர்க் ஆக்கங்களும் பின்னர் அதில் வைக்கப்பட்டன. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் தம் கைவினையைக் காட்சிக்கு வைத்திருந்த உலோகக் கலைஞர் பிரான்ஸ் கார்ல் பியூலர், பின்னர் நோயாளராகி ஓவியங்கள் வரைந்தார். 1940இல் கிராபெனெக்கில் நச்சுவாயுவால் அவர் கொல்லப்பட்டார். படத்தை இகழ்ந்த அரசு, படைத்தவரையும் வாழவிடவில்லை.

சடங்கு எல்லாப் பிணியையும் தீர்த்தது என்பதற்கில்லை, மருத்துவம் இன்றியமையாதது. ஆயினும் நோயாளியைத் தன் நடுவே இருத்திய ஊரும், அவரது ஆக்கத்தைப் பேணிய மருத்துவரும் உணர்ந்தது ஒன்றே: பிணியுற்ற மனமும் மனித மனமே. இன்று கண்டிப் பெரகராவில் வெஸ் முடியணிந்து ஆடுவோரைக் கண்டு பல்லாயிரவர் மகிழ்கின்றனர். அவ்வாட்டம் முதன்முதல் நிகழ்ந்ததாகக் கதை கூறும் களத்தின் நடுவே, அஞ்சி நடுங்கிய மன்னன் ஒருவன் இருந்தான் என்பதும் நினைவில் நிற்றல் வேண்டும்.