திரையில் மறைந்த முருகைக்கற் பாறை

2014 நவம்பர் 29ஆம் திகதி இரவு. உலகைச் சுற்றும் வொல்வோ பாய்மரப் படகுப் போட்டியில் கேப் டவுனிலிருந்து அபுதாபி நோக்கி விரைந்த 'வெஸ்டாஸ் விண்ட்' படகு, மொரிசியசுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 430 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கார்கடோஸ் கரஜோஸ் திட்டில் மோதியது. வேகம் மணிக்கு 19 கடல் மைல். ஒன்பது பேரும் உயிர் தப்பியது பெரும்பேறு.

அத்திட்டு மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக அறிந்தது. படகிலிருந்த இலத்திரனியல் வரைபடத்திலும் இருந்தது. ஆனால் படத்தைப் போதியளவு பெருப்பித்தால் மட்டுமே பாறை தெரியும். சுருக்கிய படத்தில் அவ்விடம் படகு தடையின்றிக் கடக்கக்கூடிய ஆழமுள்ள நீராகவே தோன்றியது. வழிகாட்டியான வோட்டர் வெர்பிராக் தம் தவறை ஒப்புக்கொண்டார். அவர்மீது மட்டும் பழியைச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. புயல் காரணமாகத் தடைசெய்யப்பட்ட கடற்பரப்பின் எல்லை, புறப்படுவதற்குச் சற்று முன்னரே மாற்றப்பட்டது. புதிய வழியை ஆராய அவகாசம் குறைவு. 2015 மார்ச்சில் வெளியான விசாரணை அறிக்கை, இத்தகைய வரைபடங்களின் குறைபாட்டையும் சுட்டியது.

கடதாசியில் வரைந்தவர், இடம் போதாவிடின் வேறெதையேனும் விட்டுவிட்டு ஆபத்தைக் குறிப்பார். கணினிக்கு அந்த அச்சம் இல்லை. ஆகவே மென்பொருள் வாங்குவோர் விலையையும் வண்ணத்தையும் பார்க்குமுன், தமக்கு நன்கு தெரிந்த பாறையொன்றைத் திரையில் தேடட்டும். படத்தைச் சுருக்கச் சுருக்க அது எந்த அளவில் மறைகிறது?

இத்தாலியில் திருத்தப்பட்ட அப்படகு, 2015 ஜூனில் லிஸ்பனில் மீண்டும் போட்டியில் இணைந்தது.