பேயும் பனிக்கட்டியும்

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியில் உயர்ந்து நிற்பது லக்கேகல மலை. பண்டு இயக்கர் வாழ்ந்த இடம் அதுவென அப்பகுதிச் சிங்கள மக்கள் வழிவழியாகக் கூறுவர். இயக்கர் என்றதும் குவேனி நினைவுக்கு வருவாள். விசயனுக்கு அரசு தேடித் தந்த அவ்வியக்கியை, மதுரை அரசகுமாரியை மணக்கும்பொருட்டு அவன் துறந்தான். தன் இனத்தாரிடம் மீண்டவள் அவருள் ஒருவன் கையால் மாண்டாள் என்கிறது மகாவம்சம். இக்கதையில் அஞ்சத்தக்கவர் இயக்கியோ, மனிதனோ?

இவ்வினாவை நீராவி யுகத்திலே நகைச்சுவையோடு மீண்டும் எழுப்பினார் ஒருவர். விக்டோரியா மகாராணியார் ஆட்சியில் (1837–1901) புகையிரதம் கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் வந்தது. அதே ஆட்சியில், இந்தியப் பேரரசின் தலைநகராயிருந்த கல்கத்தாவில் வாழ்ந்தவர் திரைலோக்கியநாத் முகோபாத்தியாயர் (1847–1919). இளமையில் வறுமையுற்றுப் பள்ளியாசிரியராய் உழைத்த அவர், பின்னர் அரசாங்க சேவையிற் சேர்ந்து கல்கத்தா நூதனசாலையிற் பணியாற்றினார். 1886இல் இலண்டன் கண்காட்சிக்கும் சென்று மீண்டார். இயந்திர நாகரிகத்தை அதன் பிறப்பிடத்திலேயே கண்டவர் அவர்.

1892இல் வெளிவந்த அவரது 'கங்காவதி' என்னும் வங்க நாவலில், தனு ராய் என்னும் அந்தணர் பொருளுக்காகத் தம் புதல்வியரை முதியோர்க்கு மணமுடிப்பவர். அவருடைய இளைய மகளே கங்காவதி. அவள் விரும்பும் கேது என்னும் இளைஞனை ஊரார் சாதியினின்று விலக்குகின்றனர். அவன் செய்த குற்றம் யாது? பனிக்கட்டி தின்றான்! 1833இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்திறங்கிய பண்டம் பனிக்கட்டி. அது வைதிகர் கண்ணுக்கு மிலேச்சப் பொருளாயிற்று. மகளை விற்பவர் மரியாதையோடிருக்க, பனிக்கட்டி தின்றவன் பதிதனானான்.

பின்னர்க் காய்ச்சலுற்ற கங்காவதி காணும் கனவிலே வேறோர் உலகம் விரிகின்றது. அங்கே தொப்பியும் கோட்டும் அணிந்த தவளைத் துரை பொருளற்ற ஆங்கிலம் பேசுகின்றார். படித்தவர் பேயை நம்பாமற் போயினரே என வருந்தி, மண்டையோடும் எலும்புக்கூடும் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்குகின்றன! இந்நூலுக்கு மதிப்புரை எழுதிய இரவீந்திரநாத தாகூர், 1865இல் வெளிவந்த ஆங்கில 'ஆலிஸ்' கதையை இதனோடு ஒப்புநோக்கினார்.

'லுல்லு' என்னும் மற்றொரு கதையில், கணவன் விளையாட்டாய்ச் சொன்ன சொல்லைக் கேட்டுப் பேயொன்று அவன் மனைவியைத் தூக்கிச் செல்கின்றது. நீர் உறைந்து பனிக்கட்டியாவதுபோல இருள் உறைந்து பேயாகின்றது என்று அங்கே 'விஞ்ஞான' விளக்கம் தரும் ஆசிரியர், பனிக்கட்டி செய்ய இயந்திரமிருக்க, பேய் செய்ய ஓர் இயந்திரத்தைத் துரைமார் ஏன் அமைக்கவில்லை என்றும் வினவுகின்றார்.

ஒரே பனிக்கட்டி, இருவேறு நகைப்பு. இயந்திரத்தால் எல்லாம் ஆகுமென மயங்குவோரை நோக்கியது ஒன்று. ஆசாரத்தின் பெயரால் அநீதி புரிவோரை நோக்கியது மற்றொன்று. இரண்டாவது நகைப்பில் கண்ணீரும் கலந்திருக்கின்றது. அவர் படைத்த பேய்கள் நம்மைச் சிரிக்கவே வைக்கின்றன. நம்மை அஞ்சச் செய்பவர் தனு ராயே.

புகையிரதம் வந்து பல தலைமுறைகள் கழிந்தன. பேய்க்கதைகளை மூடநம்பிக்கையென ஒதுக்கும் மாணவர், சீதனம் பேசும் சபையிலே வாய்மூடி அமர்ந்திருப்பராயின், பனிக்கட்டியைக் கண்டு அஞ்சிய அவ்வூராரினும் அவர் எவ்வகையிற் கற்றவர்?