பதிப்பு என்னும் ஒரு சொல்

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நிரல் எழுதுவது தென்சென்னைப் புறநகரின் அன்றாடத் தொழில்களுள் ஒன்றாயிற்று. அத்தொழிலில் நாளும் புழங்கும் 'வெர்ஷன்' என்பதைத் தமிழில் பதிப்பு என்கிறோம். பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் ஏடுகளோடு அமர்ந்திருப்போர் சொல்வதும் அதே சொல்தான். இவ்விரு பதிப்புகளுக்கும் உள்ள உறவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இன்றைய மென்பொருள் பெரும்பாலும் பிறர் எழுதிய தொகுப்புகளைச் சார்ந்தே நிற்கிறது. அவற்றைத் தேடிக் கொணர்ந்து சேர்ப்பவை மேவன், கிரேடில், என்பிஎம் போன்ற கருவிகள். தேவையான பதிப்பை ஒற்றை எண்ணாலும் குறிக்கலாம், வரம்பாலும் குறிக்கலாம். மேவனில் [1.2,2.0) என்றால் 1.2 உட்பட, 2.0 நீங்கலாக என்று பொருள். என்பிஎம்மில் ^1.2.3 என்பது 2.0.0க்கு முன்வரை செல்லும், ~1.2.3 என்பது 1.3.0க்கு முன்பே நின்றுவிடும். 2014 முதல் என்பிஎம் முதற்குறியையே இயல்பாக எழுதிவைக்கிறது.

படிக்கும் முறையோ கருவிக்குக் கருவி வேறு. மேவனில் அடைப்புக்குறியின்றி 1.2 என்றெழுதினால் அது விருப்பமேயன்றிக் கட்டளையன்று. ஒரே தொகுப்பின் இரு பதிப்புகள் இரு வழிகளில் வந்து மோதினால், மேவன் சார்புமரத்தில் அருகிலிருப்பதை எடுக்கும்; கிரேடில் உயர்ந்த எண்ணை எடுக்கும்; என்பிஎம் தேவைப்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

வரம்பு என்பது இன்னும் எழுதப்படாத பதிப்பின்மீது நாம் வைக்கும் நம்பிக்கை. முதல் எண் மாறாதவரை பழைய நிரல் பழுதுபடாது என்ற உடன்பாடே அதற்கு அடிப்படை. அவ்வுடன்பாட்டைக் காப்பவர் மனிதர், மீறுபவரும் மனிதரே. 2018இல் ஈவெண்ட்-ஸ்ட்ரீம் என்னும் பரவலான தொகுப்பின் பொறுப்பை ஏற்ற ஒருவர், ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற சிறு துணையை அதில் சேர்த்தார். அதன் 0.1.0 தீங்கற்றது. பின்னர் வந்த 0.1.1இல் பிட்காயின் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. வரம்பு இடந்தந்ததால், யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே புதியது உள்ளே நுழைந்தது.

இதற்குக் காப்பாக வந்ததே பூட்டுக்கோப்பு. எடுத்தாண்ட பதிப்பு எதுவென்று அது துல்லியமாகப் பதிந்துவைக்கிறது. 2017இல் என்பிஎம் 5 அதனை இயல்பான வழக்கமாக்கியது. முன்பே 0.1.0இல் பூட்டி, அந்தப் பூட்டின்படியே நிறுவியவருக்கு 0.1.1 வந்து சேராது.

1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சா., தாம் கொண்ட பாடத்தோடு நில்லாமல் ஏடுகளில் கண்ட பிரதிபேதங்களையும் காட்டினார். எதைக் கொண்டார், எதை விட்டார் என்பதைப் பின்வந்தோர் சரிபார்க்க முடிந்தது. எண்களை நம்பி நிரல் கட்டுவோரும் பின்வருவோருக்கு அந்தக் கணக்கை விட்டுச்செல்லக் கடமைப்பட்டவர்களே.